பூனை வைத்த கேக்

றம்யாவின் குசினிக்குள் மூன்று பேர் நின்றால் நாலாவது ஆள் வாசலில்தான் நிற்கவேண்டும். பல்லறோச் சந்தைக்குப் பின்னால், மீன்காரர் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிடும் ஒழுங்கை ஒன்றில் அந்த வீடு. இத்தாலியின் பலெர்மோ நகரில் எந்தத் தமிழ் வீட்டில் கொண்டாட்டம் என்றாலும் கேக் அந்த வீட்டுப் படிகளால்தான் இறங்கிவரும். சுவர் முழுக்க அவள் செய்த கேக்குகளின் படங்கள். மயில், தாமரை, வீணை, தேர், லொறி வைத்திருந்த ஒருவருக்காகச் செய்த லொறி. பூனையை மட்டும் இதுவரை யாரும் கேட்டதில்லை.

"பூனையோ அக்கா?" என்றாள் றம்யா. "சாமத்திய வீட்டுக்கோ?"

"ஓம்" என்றாள் புனிதமலர், கடன் கேட்டு வந்தவளைப்போல நிலத்தைப் பார்த்துக்கொண்டு.

"வெள்ளைப் பூனைதானே?"

புனிதமலர் வாய் திறப்பதற்குள் மகள் துசானி தான் கீறிய படத்தை மேசையில் விரித்தாள். மூன்று தட்டு வெள்ளைக் கேக். சுற்றிவர எலுமிச்சை இலைகள். உச்சியில், வாலைக் கால்மேல் சுற்றிப் போட்டுக்கொண்டு, தார் நிறத்தில் ஒரு பூனை.

"பிள்ளை, நான் ஒரு வடிவான மயில் செய்து தாறன். சீலைக் கலருக்கு அப்பிடிப் பொருந்தும்."

"மயிலை எனக்குத் தெரியாது அன்ரி. இந்தப் பூனையைத் தெரியும்."

றம்யா பிள்ளையின் தாயைப் பார்த்தாள். தாய் சுவரில் இருந்த லொறியைப் பார்த்தாள். "அவள் கேட்டபடி செய்யும் றம்யா" என்றாள்.

அந்தப் பூனையின் கதையைச் சொல்லாவிட்டால் இந்தப் பிடிவாதம் விளங்காது. பலெர்மோவின் அல்பெர்கேரியாப் பகுதியில், கூரைக்குக் கீழே கடைசி மாடியில் அவர்களின் வீடு. மாசி மாதம் துசானி பெரியபிள்ளையானபோது புனிதமலர் தன் தாய் தனக்குச் செய்ததையெல்லாம் மகளுக்கும் செய்தாள். பின்னறை, தனிக் கோப்பை, தனிப் பாய், நல்லெண்ணெயில் முட்டை, உளுத்தங்களி. பள்ளிக்கூடம் இல்லை. ஆனால் ஊரில் அப்படி இருத்தப்பட்ட பிள்ளையைச் சுற்றி மாமி, சித்தி, மச்சாள் என்று ஒரு பட்டாளமே இருக்கும். இங்கே யார் இருக்கிறார்கள்? தகப்பன் பேரின்பநாயகம் ஹோட்டல் ஒன்றில் துணி வெளுக்கிறவர், விடிய முன்னமே போய்விடுவார். புனிதமலர் சாப்பாட்டைக் கதவடியில் வைத்துவிட்டு, சிஞ்ஞோறா என்று தான் கூப்பிடும் இத்தாலிய அம்மாவின் வீட்டைத் துடைக்கப் போய்விடுவாள். பிள்ளை நாள் முழுக்கத் தனியே கிடந்தாள்.

பெப்பே என்ற கறுப்புப் பூனைதான் கூரைகளைத் தாண்டி வந்து யன்னலில் ஏறியது. துடக்கு, தீட்டு எதுவும் பாராமல், கேள்வியும் கேளாமல் பாயில் அவளோடு படுத்துக் கிடந்தது. ஒரு நாள் நேரத்தோடு வந்த புனிதமலர் கதவிடுக்கால் இதைக் கண்டாள். பூனையைத் துரத்தத்தான் கையை ஓங்கினாள். பிள்ளை அதன் காதுக்குள் இத்தாலி மொழியில் எதையோ குசுகுசுத்துக்கொண்டிருந்ததைப் பார்த்ததும் கை கீழே வந்துவிட்டது. ஒரு பூனைக்கு இருந்த மனம் எனக்கு இருக்கவில்லையே என்று அன்றைக்கு அவள் குசினிக்குள் நின்று அழுதாள்.

பிறகு சடங்குப் பேச்சு வந்தபோது துசானி முடியாது என்றாள். சீலையும் வேண்டாம், மேடையும் வேண்டாம், "இதை எல்லாருக்கும் சொல்லிக் கொண்டாட வேணுமோ அம்மா, பஸ்தா, போதும்" என்றாள். கிழமைக் கணக்காக இழுபறிப்பட்டு, ஒருநாள் தானாகவே வந்து சொன்னாள்.

"சரி, சீலை கட்டுறன். மேடையிலையும் நிக்கிறன். ஆனா கேக் என்ரை. அதிலை பெப்பே இருக்கவேணும். பூனை இல்லாட்டி நானும் இல்லை."

"பூனை வரும். அம்மா சொல்லுறன்" என்றாள் புனிதமலர். வாக்குக் கொடுத்தபோது இராசேஸ்வரியின் நினைவு அவளுக்கு வரவில்லை.

இராசேஸ்வரி அவளுடைய தமையனின் பெண்சாதி, ஜேர்மனியில் இருக்கிறாள். துசானிக்குத் தண்ணீர் வார்க்க உரித்துள்ள ஒரே மாமி. தமையனுக்கு லீவு கிடைக்காததால் தனியே வருகிறாள். சாத்திர சம்பிரதாயங்களில் கரைகண்டவள். ஒவ்வொரு ஞாயிறும் போனில் வந்து சட்டம் படிப்பாள்.

"மலர், ஒண்டு சொல்லிப்போட்டன். கறுப்பு ஒரு இடத்திலையும் வரக்கூடாது. கறுப்புச் சட்டையோடை ஒருத்தரும் படத்துக்கை நிக்கக்கூடாது. என்ன, விளங்குதே?"

"ஓம் மச்சாள்."

"கேக்குக்கு என்ன போடுறியள்?"

"வெள்ளைதான் மச்சாள். இலை கொஞ்சம் வரும்."

பொய் இல்லை. பூனையைப் பற்றி மச்சாள் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை. அடுத்த கிழமை சொல்லலாம், அதற்கு அடுத்த கிழமை சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி ஆனி மாதமும் வந்துவிட்டது.

சடங்குக்கு முந்திய வெள்ளிக்கிழமை சிறோக்கோ பிடித்தது. ஆபிரிக்கப் பக்கமிருந்து கடல் தாண்டி வரும் காற்று. அது வந்தால் பலெர்மோ அவித்த புட்டுக் குழல்தான். வானம் மஞ்சளடித்து, கொடியில் போட்ட துணியில் மண் படியும். மேல்மாடிக்காரருக்கு வீடு, அடுப்பு எல்லாம் ஒன்றுதான்.

சனிக்கிழமை காலையில் றம்யா போன் எடுத்தாள். "அக்கா, கேக் முடிஞ்சுது. இப்பவே கொண்டு போங்கோ. என்ரை வீட்டிலை நிண்டால் அழுதுவிடும்."

புனிதமலரும் பேரின்பநாயகமும் போனபோது பெட்டிகள் கட்டித் தயாராக இருந்தன. தட்டுக்கு ஒரு பெட்டியாக மூன்று, பூனைக்கு ஒரு சின்னப் பெட்டி.

"வடிவாக் கேளுங்கோ அக்கா. இதின்ரை மேல்தோல் சீனிமா. ஃப்ரிஜ்ஜுக்கை வைக்கக்கூடாது. வைச்சுப்போட்டு வெளியிலை எடுத்தால் வேர்க்கும். வெயில் படக்கூடாது, கறிச்சட்டி மணம் படக்கூடாது. குளிர்ச்சியான அறையிலை, பெட்டியைத் திறக்காமல், நிலத்திலை வையுங்கோ."

"பூனை?"

"பூனைக்குத்தான் கூடக் கவனம். கறுப்புக் கலர் பொல்லாதது. கொஞ்சம் ஈரம் பட்டாலே கரைஞ்சு ஓடும். வெள்ளைக்கு மேலை ஓடினால் நானில்லை, ஆர் வந்தாலும் துடைக்கேலாது. அதுதான் தனியாத் தாறன். நாளைக்கு ஹோலிலை கடைசியா நானே ஏத்தி வைக்கிறன்."

குளிர்ச்சியான அறைக்கு எங்கே போவது? புனிதமலருக்குத் தெரிந்த ஒரே இடம் அவள் வேலை செய்யும் சிஞ்ஞோறா கிளறாவின் வீடு. கபோச் சந்தைக்குப் பக்கத்தில், ஒரு முழம் தடித்த சுவர்கள் உள்ள பழங்காலக் கட்டடம். செத்துப்போன கணவரின் புத்தக அறையில் சலவைக்கல் நிலம், எப்போதும் சாத்திய யன்னல். சிறோக்கோ அந்த வாசலோடு திரும்பிப் போய்விடும். சிஞ்ஞோறா உடனே சம்மதித்தார். சந்தோசமும் பட்டார், வயதான அந்த வீட்டுக்குக் கேக் வந்து கனகாலம்.

சிநேகிதன் ஒருவனின் வான் கல்லொழுங்கைகளில் குதிக்கும்போதெல்லாம் பேரின்பநாயகம் பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துப் பிடித்தார். கபோவில் இறக்கியதும் சிஞ்ஞோறா பெட்டிகளை ஒவ்வொன்றாக எட்டிப் பார்த்து, எலுமிச்சை இலைகளை மெச்சி, கைகளைக் கோத்துக்கொண்டு கடவுளைக் கூப்பிட்டார். பிறகு சின்னப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். தூக்கிய வேகத்தில் மூடினார். சுற்றுமுற்றும் பார்த்து, கதவின் இரும்புப் பிடியைத் தேடிப்போய் இறுக்கித் தொட்டார். கெட்ட சகுனத்துக்கு அந்த ஊரில் பரிகாரம் இரும்பைத் தொடுவதுதான்.

கேக் வேண்டுமானால் நத்தார்ப் பண்டிகை வரைக்கும் இங்கே இருக்கட்டும், ஆனால் கறுப்புப் பூனை ஒன்று, சீனியில் செய்ததாக இருந்தாலும், என் கூரைக்குக் கீழே இராத் தங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

மதம் வேறு, மொழி வேறு, தின்கிறது வேறு. பூனைக்குப் பயப்படுவதில் மட்டும் பலெர்மோவும் யாழ்ப்பாணமும் ஒரு தாய் பிள்ளைகள். பேரின்பநாயகம் மனைவியைப் பார்த்து, "நான் ஒண்டும் காணேல்லை" என்றார். வீட்டில் எந்தச் சிக்கல் வந்தாலும் அவர் சொல்லும் வசனம் அதுதான்.

புனிதமலர் பூனைப் பெட்டியைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு மாடிப்படி ஏறினாள். கதவைத் திறந்தவள் இராசேஸ்வரி. பின்னேரம் வரவேண்டியவள்.

"காலமைப் பிளேன் எடுத்தனான். பிள்ளையின்ரை காரியத்துக்குக் கடைசி நேரத்திலையோ வாறது? துசானிதான் கதவு திறந்தவள். இப்ப உங்கை கடைக்குப் போட்டாள். மலர், உம்மடை ஃப்ரிஜ்ஜை ஒருக்கால் துடைச்சுப்போட்டன், குறை நினையாதையும். என்ன உது கையிலை?"

"உடுப்புக்கு ஊசி, நூல் மச்சாள்."

வாய் தானாகச் சொல்லிவிட்டது. சொன்ன பிறகு திருப்பி எடுக்க முடியுமா? மச்சாள் முகம் கழுவப் போன நேரத்தில் புனிதமலர் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஃப்ரிஜ் கூடாது. குளியலறை ஈரம். அலுமாரியில் மச்சாளின் சூட்கேஸ். கட்டிலுக்குக் கீழேயும் மச்சாள் துடைப்பாள், நிச்சயம் துடைப்பாள். அப்போதுதான் குசினித் தட்டின் அடியில், மூடி போட்ட பச்சையரிசி வாளி கண்ணில் பட்டது. வீட்டில் சமைப்பது சிவப்புப் புழுங்கலரிசி. பச்சையரிசியைப் பொங்கலுக்குப் பிறகு யாரும் தொடவில்லை. நனைந்த போனை அரிசிக்குள் புதைத்தால் ஈரம் போகும் என்று பிள்ளை ஒருமுறை செய்தும் காட்டியிருந்தாள். பெட்டி வாளிக்குள் போகவில்லை. பூனையை எடுத்து, மெல்லிய கடதாசியில் சுற்றி, அரிசிக்குள் இறக்கி, மேலே அரிசியைக் கொட்டி மூடினாள். தன் புத்தியைத் தானே மெச்சிக்கொண்டாள். அந்தப் புத்தியில் எவ்வளவு பெரிய ஓட்டை என்பது மறுநாள்தான் தெரிந்தது.

ஞாயிறு காலை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. மாமி பாலும் அறுகும் வைத்துத் தண்ணீர் வார்த்தாள். துசானி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாலும், மாமி தலையைத் துவட்டிவிட்டு உச்சியில் முத்தம் கொடுத்தபோது சிரித்தாள்.

"நீங்கள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஹோலுக்குப் போங்கோ" என்றாள் இராசேஸ்வரி. "நிறைகுடச் சாமான், ஆலாத்தித் தட்டு எல்லாம் நான் எடுத்துக்கொண்டு உம்மடை மனுசனோடை வாறன்."

"நான் நிக்கிறன் மச்சாள், நீங்கள்…"

"போம் எண்டுறன். எனக்குத் தெரியாதே என்ன வைக்கிறதெண்டு?"

மச்சாளைக் குசினியை விட்டு அசைக்க முடியவில்லை. சரி, பேரின்பநாயகத்திடம் போனில் இரகசியமாகச் சொல்லி எடுப்பிக்கலாம் என்று புனிதமலர் புறப்பட்டாள். வழியில் சிஞ்ஞோறா வீட்டில் கேக்கை ஏற்றும் பதற்றத்தில் அதையும் மறந்தாள்.

சடங்கு ஹோல் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அறிவிப்பு உள்ளே கேட்கும் தூரத்தில் இருந்தது. றம்யா மூன்று தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி, இலைகளைச் செருகினாள். ஒரு துளி வேர்வை இல்லை. வெள்ளை வெள்ளையாகவே நின்றது. சனம் வரத் தொடங்கிவிட்டது. ஊதாச் சீலையும் பூச்சடையும் ஒட்டியாணமுமாகத் துசானி உடுப்பு மாற்றும் அறையிலிருந்து வந்து கேக்குக்கு முன்னால் நின்றாள்.

"அம்மா, பெப்பே எங்கை?"

"வீட்டை இருக்கு பிள்ளை. வருகுது."

"ஏன் வீட்டை? கேக் சிஞ்ஞோறா வீட்டை எல்லோ இருந்தது?"

"சிஞ்ஞோறா வேண்டாமெண்டிட்டா. அதுதான் பத்திரமா வைச்சனான், பச்சையரிசி வாளிக்குள்ளை…"

சொல்லும்போதே புனிதமலருக்குத் தன் பிழை விளங்கியது. பச்சையரிசி! நிறைகுடத்துக்குக் கீழே பரப்புவது பச்சையரிசி. அறுகரிசி போடுவது பச்சையரிசி. சடங்கென்றால் மச்சாளின் கை முதலில் போகிற இடமே அந்த வாளிதான். ஊரில் இருக்கிற சாமானெல்லாம் விட்டு, சடங்குக்கு எடுக்கிற அரிசிக்குள் கொண்டுபோய் ஒளித்திருக்கிறாள்.

இராசேஸ்வரிக்குப் போன் எடுத்தாள். மறுமொழி இல்லை. கணவனுக்கு எடுத்தாள்.

"மச்சாள் என்ன செய்யிறா அப்பா?"

"குசினிக்கை ஒருக்கால் பெரிய சத்தம் போட்டவா. பிறகு சத்தமில்லை. நான் உள்ளுக்குப் போகேல்லை."

"ஏன் போகேல்லை?"

"நான் ஒண்டும் காணேல்லை மலர்" என்று சொல்லிவிட்டு மனிதர் போனை வைத்துவிட்டார்.

துசானிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "மாமிக்குப் பயத்திலை ஒளிச்சனீங்கள். வரும் வரும் எண்டு எனக்குச் சொல்லிக்கொண்டு, மாமிக்கு ஒண்டும் சொல்லேல்லை. அப்பிடித்தானே?"

"பிள்ளை, கொஞ்சம் பொறு…"

"அண்டைக்கும் இப்பிடித்தான். கதவடியிலை சாப்பாட்டை வைச்சிட்டு, இப்ப வாறன் எண்டு சொல்லிப்போட்டுப் போவீங்கள். இருட்டினாப் பிறகுதான் வருவீங்கள்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் புனிதமலர் தாங்கியிருப்பாள். பிள்ளை மெதுவாக வளையல்களைக் கழற்றி, கேக்கின் பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்தாள். பிறகு ஒட்டியாணத்தின் கொளுவியில் கைவைத்தாள். றம்யா கையில் எலுமிச்சை இலையோடு அப்படியே நின்றாள். சனம் முழுக்கக் கதிரைகளில் இருக்க, மேடை வெறுமையாக இருந்தது. புனிதமலருக்குச் சனத்தைப் பற்றிய வெட்கம்கூட அப்போது வரவில்லை. தன் பிள்ளைக்குக் கொடுத்த ஒரேயொரு வாக்கும் போய்விட்டது என்பது மட்டுமே மனதில் நின்றது.

அப்போதுதான் வாசலில் இராசேஸ்வரி தெரிந்தாள். அரக்குச் சீலை, கழுத்து நிறைய நகை. இரண்டு கையாலும் ஒரு வெள்ளித் தட்டை நெஞ்சுயரத்தில் ஏந்தியிருந்தாள். தட்டு நிறையப் பச்சையரிசி. அரிசிக்கு நடுவே, வாலைக் கால்மேல் சுற்றிப் போட்டுக்கொண்டு, பெப்பே. பின்னால் குத்துவிளக்கைத் தூக்கிக்கொண்டு பேரின்பநாயகம், முகத்தில் ஒன்றும் காணாத பாவனையோடு.

சனம் எழும்பி வழிவிட்டது. இராசேஸ்வரி நேரே கேக் மேசைக்கு வந்து தட்டை வைத்தாள்.

"மலர், இதுவோ உம்மடை ஊசியும் நூலும்?"

"மச்சாள்…" என்றாள் புனிதமலர்.

"அரிசிக்குள்ளை கையை விட்டால் பூனை! என்ரை நெஞ்சு ஒருக்கால் நிண்டுதான் அடிச்சது. உம்மடை மனுசன் எங்கையோ ஓடி ஒளிச்சிட்டார். தனிய நிண்டு உதைப் பாத்துக்கொண்டிருந்தனான்."

"எறியேல்லையோ மாமி?" என்றாள் துசானி, ஒட்டியாணக் கொளுவியில் கை வைத்தபடியே.

"அரிசிக்குள்ளை இருந்து வந்ததை ஆராவது எறிவினமோ பிள்ளை? நீ கீறிப் பாத்த படமொண்டு உன்ரை கொப்பிக்கு மேலை கிடந்தது. அதைப் பாத்தாப் பிறகுதான் விளங்கினது." இராசேஸ்வரி புனிதமலரின் பக்கம் திரும்பினாள். குரல் தடித்தது. "நான் என்ன பேயோ மலர்? ஒரு வார்த்தை சொன்னால் என்ன? எனக்கு ரெண்டும் பெடியள். தண்ணி வாக்கிறதுக்கு எனக்கெண்டு இருக்கிறது இவள் ஒருத்திதான். அவளுக்கு விருப்பமானதை எனக்கு ஒளிச்சு வைச்சிருக்கிறீர்."

"நீங்கள் கறுப்பு வரக்கூடாதெண்டு சொன்னனீங்கள்…"

"சொன்னனான்தான். இப்பவும் சொல்லுறன்." இராசேஸ்வரி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பூனையை ஒருமுறை உற்றுப் பார்த்தாள். சட்டம் தெரிந்த ஆளுக்குத்தான் சட்டத்தில் வழியும் தெரியும். "ஆனா பூனை குறுக்கை போனால்தானே சகுனப்பிழை. இது ஒரு இடமும் போகேல்லை. இருந்த இடத்திலை இருக்குது. சாத்திரத்திலை இதுக்கு ஒண்டும் இல்லை."

முதலில் சிரித்தது றம்யாதான். பிறகு பக்கத்துக் கதிரைகள் சிரித்தன. புனிதமலருக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, சேலைத் தலைப்பால் முழு முகத்தையும் பொத்திக்கொண்டாள்.

"ஆனா ஒண்டு" என்றாள் இராசேஸ்வரி விடாமல். "நல்ல காரியத்திலை நெத்தி வெறுமையா இருக்கக்கூடாது. றம்யா, சிவப்புக் கலர் இருக்கே? ஒரு பொட்டு வையும்."

"மாமி, பெப்பே ஆம்பிளை!"

"ஆம்பிளையோ? அப்ப திருநீறு பூசும். மூண்டு குறி."

றம்யா வெள்ளைச் சீனிமாவை நூல்போல உருட்டி, பூனையின் நெற்றியில் மூன்று கோடுகள் ஒட்டினாள். அரிசி உறிஞ்சியதோ என்னவோ, கறுப்பு ஒரு பொட்டும் கசியவில்லை, கை வைத்தால் ஒட்டவில்லை. வெள்ளைக் கேக்கின் உச்சியில் திருநீறோடு ஏறி உட்கார்ந்த பெப்பே, கோயில் தருமகர்த்தாவைப்போலச் சபையைப் பார்த்தது. துசானி விழுந்து விழுந்து சிரித்தாள். இராசேஸ்வரியே வளையல்களை எடுத்து ஒவ்வொன்றாக அவள் கையில் ஏற்றிவிட்டாள்.

நேரம் பிந்தி வந்த சிஞ்ஞோறா கிளறா கேக்கைக் கண்டதும் கதிரையின் இரும்புக் காலைத் தேடிக் குனிந்தார். பூனையின் நெற்றியில் என்ன என்று கேட்டார். சாமியின் சாம்பல் என்று புனிதமலர் இத்தாலி மொழியில் விளங்கப்படுத்தினாள். சிஞ்ஞோறா கொஞ்சம் யோசித்து, அப்படியென்றால் இதற்கு ஞானஸ்நானம் ஆகிவிட்டது, இனிப் பயமில்லை என்று இரும்பை விட்டுவிட்டு முன்வரிசையில் போய் அமர்ந்தார்.

ஆலாத்தி முடிந்தது. படங்கள் எடுத்து முடிந்தன. கறுப்புச் சட்டையோடு வந்திருந்த இரண்டு பெடியன்களைக்கூட இராசேஸ்வரி படத்துக்குள் விட்டாள். துசானி பூனையைத் தொடாமல், கீழ்த்தட்டில் கேக்கை வெட்டினாள். முதல் துண்டு மாமிக்குத்தான் போகவேண்டும். அதுதான் முறை. அவள் துண்டோடு மாமியின் பக்கம் திரும்பியபோது இராசேஸ்வரி தலையை ஆட்டி, கண்ணால் புனிதமலரைக் காட்டினாள்.

துசானி தாயிடம் வந்தாள். பூச்சடையின் மல்லிகை மணமும் கேக்கின் வனிலா மணமும் ஒன்றாக வந்தன. தாயின் வாயில் துண்டை ஊட்டிவிட்டு, காதடியில் குனிந்து மெல்லச் சொன்னாள்.

"அம்மா, இனி எதையும் ஒளிக்கிறதெண்டால் எனக்குச் சொல்லிப்போட்டு ஒளியுங்கோ. நான் நல்ல இடம் காட்டுறன்."

வாய் நிறையக் கேக்கோடு புனிதமலர் தலையை ஆட்டினாள்.